ஊரிலிருந்து கிரைண்டர் தூக்கிக்கொண்டு போனவர்களுக்கு

திருப்பூரிலிருந்து டெக்சாஸ் போய் மூன்று வாரமான தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "அண்ணா, அம்மா குடுத்தனுப்புன கிரைண்டர்ல சுவிட்சப் போட்டா உர்ர்ர்னு சத்தம் மட்டும் வருதுங்க. கல்லு சுத்த மாட்டேங்குது. மாவு கெட்டியாயிருச்சோன்னு தண்ணி ஊத்தியும் பாத்துட்டேன். என்ன பண்ணட்டும்?"

முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள் தம்பி. தண்ணீர் ஊற்றி ஆகப்போவது ஒன்றுமில்லை. மாவில் குற்றமில்லை, கல்லிலும் குற்றமில்லை.

வீட்டில் யாருக்காவது தோட்டம் இருந்தால் இந்தச் சத்தம் உங்களுக்குப் பழகியதாகத்தான் இருக்கும். கோடையில் கரண்ட் இருக்கும், வோல்டேஜ் இருக்காது. கிணற்று மோட்டார் எடுக்க முடியாமல் உறுமும். எங்கள் அப்புச்சி வரப்பில் எங்கே நின்றாலும் அந்த உறுமலைக் கேட்டதும் மோட்டார் ரூமுக்கு ஓடுவார். கொஞ்சம் தாமதித்தால் உள்ளே சுற்றியிருக்கும் கம்பிச் சுருள், அதாவது காயில், கருகிவிடும். மறுநாள் மோட்டாரைக் கழற்றி, வண்டியில் ஏற்றி, கோபிசெட்டிபாளையத்துக்குக் காயில் கட்டக் கொண்டுபோக வேண்டும். வோல்டேஜ் கூடினால்தான் எரியும், குறைந்தால் சும்மா ஓடாமல் நிற்கும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். மோட்டார் விஷயத்தில் அது தப்பு.

ஊரில் நம் வீட்டுக்கு வருவது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். கரண்ட் நொடிக்கு எத்தனை முறை முன்னும் பின்னுமாகப் போய்வருகிறது என்ற கணக்குதான் ஹெர்ட்ஸ். அமெரிக்காவிலும் கனடாவிலும் சாதாரண பிளக்கில் வருவது 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். வோல்டேஜ் பாதியானால் மோட்டாரின் இழுவையும், அதாவது சுற்றும் பலமும், பாதியாகும் என்று கணக்குப் போடாதீர்கள். கிரைண்டர் மோட்டாரில் அது கால்வாசிக்கு வந்துவிடும். இரண்டு லிட்டர் கிரைண்டரின் கல்லை அது எப்படிப் புரட்டும்? சுற்றாமல் நிற்கும் மோட்டாருக்குள் போகிற கரண்ட் எல்லாம் சூடாக மாறும். அப்புறம் வார்னிஷ் கருகும் வாடை வரும். அந்த வாடை இதுவரை வரவில்லை என்றால் உங்கள் காயில் பெரும்பாலும் தப்பித்திருக்கும்.

நானும் இதே தப்பைச் செய்தவன்தான். 2009-இல் ஒஹையோ போனபோது கோவை காந்திபுரத்தில் ஒரு கடையில் கிரைண்டர் வாங்கினேன். "அங்க பின்னு மட்டும் வேறைங்க, இத மாட்டிக்கிட்டாப் போதும்" என்று ஒரு குட்டி அடாப்டரையும் கொடுத்து அனுப்பினார்கள். அடாப்டர் பின்னின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்டேஜை மாற்றாது. அது எனக்கு அப்போது தெரியவில்லை. கோவை கணபதி பகுதியில் மோட்டார் காயில் கட்டும் மாமனுக்குப் போன் போட்டு சத்தத்தைக் கேட்க வைத்தேன். மூன்று நொடிகூட ஆகவில்லை. "மாப்ள, வோல்டேஜ் பத்தல. மொதல்ல நிறுத்து" என்றார். நிறுத்தினேன், ஆனால் அதற்கு முன் பத்து நிமிடம் விட்டுவிட்டுப் போட்டுப் பார்த்திருந்தேன். காயில் போய்விட்டது. அங்கே காயில் கட்டக் கேட்ட கூலியில் ஊரில் புதுக் கிரைண்டரே வாங்கியிருக்கலாம்.

ஆகவே எந்தச் சாமானானாலும் அடியிலோ முதுகிலோ ஒட்டியிருக்கும் தகட்டைப் படியுங்கள். 100-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்று இருந்தால் பின்னை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். போன் சார்ஜர், லேப்டாப் சார்ஜர் எல்லாம் அநேகமாக இந்த வகை. 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்று மட்டும் இருந்தால் அமெரிக்கப் பிளக்கில் நேராகச் சொருகக் கூடாது.

ஸ்டெப்-அப் டிரான்ஸ்பார்மர் வாங்கினால் சரியாகிவிடுமா என்று அடுத்துக் கேட்பீர்கள். பாதி சரியாகும். அது 120-ஐ 230 ஆக்கும். ஆனால் ஹெர்ட்ஸைத் தொடாது, 60 அறுபதாகவே வரும். மிக்சியில் கார்பன் பிரஷ் வைத்த மோட்டார் இருப்பதால் அதற்கு ஹெர்ட்ஸ் ஒரு பொருட்டில்லை. கிரைண்டர் அப்படியில்லை. ஊரில் நிமிடத்துக்கு 1,440 சுற்று ஓடுகிற மோட்டார் அங்கே 1,700-ஐத் தாண்டும். வேகம் கூடுகிறதே என்று சந்தோஷப்படாதீர்கள், இழுவை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்திருக்கும். வேகத்தில் மாவும் சீக்கிரம் சூடாகும். அதனால் வழக்கமாகப் போடுவதில் பாதி அரிசி போட்டு, ஐஸ் தண்ணீர் தெளித்து ஆட்டுங்கள். அளவுக்கு மேல் போட்டால் மறுபடி அதே உறுமல்தான்.

டிரான்ஸ்பார்மரின் வாட்டைக் கருமித்தனமாகப் பார்க்காதீர்கள். மோட்டார் எடுக்கும் அந்த ஒரு நொடியில் பல மடங்கு கரண்ட் இழுக்கும். 150 வாட் கிரைண்டருக்கு 500 வாட், 750 வாட் மிக்சிக்குக் குறைந்தது 1,500 வாட். தூக்கினால் கை வலிக்கிற கனம் இருக்க வேண்டும், உள்ளே இரும்பும் செம்பும் இருக்கிறதல்லவா. பயணத்துக்கென்று விற்கும் லேசான கன்வெர்ட்டர்களை மோட்டார் பக்கமே கொண்டுபோகாதீர்கள். அப்புறம், மூன்று பின் பிளக்கை இரண்டு பின்னாக்கும் அடாப்டர் வேண்டவே வேண்டாம். எர்த் இல்லாத ஸ்டீல் பாடி, ஈரக் கை, சுற்றிலும் மாவுத் தண்ணீர். இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை. சிங்க் பக்கத்தில் பட்டன் வைத்த பிளக் அடிக்கடி டிரிப் ஆனால் எங்கோ கரண்ட் கசிகிறது என்று பொருள். டிரிப் ஆகாத பிளக்காகத் தேடிப்போய்ச் சொருகாதீர்கள்.

சரி, டிரான்ஸ்பார்மரும் வந்துவிட்டது, மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் வெளியே 230 காட்டுகிறது, அப்படியும் உறுமுகிறது என்றால்? பிளக்கைப் பிடுங்கிவிட்டு டிரம்மைக் கையால் சுற்றிப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் பேரிங்கோ பெல்ட்டோ சிக்கியிருக்கும், பெட்டியில் வரும்போது அடிபட்டிருக்கும். லேசாகச் சுற்றினால் சந்தேகம் மோட்டாரைக் கிளப்பிவிடும் கன்டென்சர் மேல். அதன் மேல் அச்சடித்திருக்கும் மைக்ரோஃபாரட் அளவும் வோல்டும் பார்த்து அதே மாதிரி வாங்க வேண்டும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கன்டென்சரில் சார்ஜ் நிற்கும், தெரியாதவர்கள் கை வைக்காமல் தெரிந்தவரிடம் கொடுப்பது நல்லது.

ரைஸ் குக்கர் கொண்டுபோனவர்களும் இருக்கிறார்கள். 230 வோல்ட்டில் 700 வாட் குக்கர் 120-இல் சுமார் 190 வாட்தான் தரும். எரியாது, கெடாது, அரிசியும் வேகாது. ஊறிக்கொண்டே இருக்கும். இண்டக்‌ஷன் அடுப்பை ஊரிலேயே விட்டுவிடுங்கள். அங்கே 15 ஆம்பியர் பிளக் ஒன்றில் அதிகபட்சம் 1,800 வாட், தொடர்ந்து எடுத்தால் 1,440. நம் 2,000 வாட் அடுப்புக்கு எந்த டிரான்ஸ்பார்மர் வைத்தும் அது பத்தாது.

இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, சிங்கப்பூர், துபாய் போனவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை. அங்கெல்லாம் நம்மைப் போலத்தான், பின் மட்டும் வேறு. சவுதியில் வோல்டேஜ் நம்முடையது, ஹெர்ட்ஸ் 60. ஜப்பான்தான் வேடிக்கை: வோல்டேஜ் 100, டோக்கியோ பக்கம் 50 ஹெர்ட்ஸ், ஒசாகா பக்கம் 60. நூறு வருடத்துக்கு முன்பே டோக்கியோக்காரர்கள் ஜெர்மன் ஜெனரேட்டரும் ஒசாகாக்காரர்கள் அமெரிக்க ஜெனரேட்டரும் வாங்கியதன் விளைவு, இன்றுவரை தீரவில்லை.

திரும்பி வருகிறவர்களுக்கும் ஒன்று. 2021-இல் கோபிக்கே வந்துவிட்டோம். வீட்டுக்காரி ஆசையாக எடுத்துவந்த அமெரிக்கக் காபி மெஷினை அவசரத்தில் நேராகச் சொருகிவிட்டேன். 120 வோல்ட் ஹீட்டரில் 230 போனால் நாலு மடங்குக்குக் கொஞ்சம் குறைவான சூடு. 'பட்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். காபி மெஷினைப் பற்றி வீட்டில் இன்னும் பேச்சு வருகிறது. அங்கிருந்து கொண்டுவந்த மைக்ரோவேவை, வோல்டேஜைக் குறைக்கும் டிரான்ஸ்பார்மர் வைத்து ஓட்டினோம். கடிகாரம் மணிக்குப் பத்து நிமிடம் பின்தங்கியது, ஏனென்றால் அது ஹெர்ட்ஸை எண்ணித்தான் நேரம் காட்டுகிறது. மைக்ரோவேவின் உடம்பும் அளவுக்கு மீறிச் சூடானதால் அதையும் நிறுத்திவிட்டோம்.

இனிமேல் வாங்கப் போகிறவர்களுக்கு என் யோசனை: கோயமுத்தூர்க் கிரைண்டர் புவிசார் குறியீடே வாங்கிய சாமான், வெளிநாட்டுக்கென்று 110 வோல்ட் மாடலும் இங்கேயே செய்கிறார்கள் (அங்கே வரும் 120-க்கு ஆனதைத்தான் கடைகளில் 110 என்கிறார்கள்). கடையில் "அமெரிக்காவுக்கு" என்று மட்டும் சொல்லாமல் "110 வோல்ட், 60 ஹெர்ட்ஸ்" என்று கேட்டு, தகட்டை நீங்களே படித்த பிறகு காசு கொடுங்கள். விமானத்தில் ஒரு பெட்டிக்கு விடுகிற 23 கிலோவில் பாதியை அது தின்றுவிடும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கேயே இந்தியக் கடைகளிலும் இந்த மாடல் கிடைக்கிறது. விலை கூடுதல்தான், ஆனால் டிரான்ஸ்பார்மர் செலவு மிச்சம்.

தம்பி, உங்கள் கிரைண்டரைத் துடைத்துக் காயவைத்து ஓரமாக வையுங்கள். தகட்டைப் படம் எடுத்துப் போடுங்கள், வாட் பார்த்து எந்த டிரான்ஸ்பார்மர் என்று சொல்கிறேன். ஊறிய அரிசியும் உளுந்தும் வீணாக வேண்டாம். உங்கள் அபார்ட்மென்டில் நாலு கதவைத் தட்டினால் ஒரு வீட்டிலாவது 110 வோல்ட் கிரைண்டர் இருக்கும். பாத்திரத்தோடு போங்கள்.