சோடம் கேட்ட மலைநாட்டு ஆட்கள் இருக்கிறீர்களா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

பொகவந்தலாவை

போன வாரம் பரணிலிருந்த தகரப் பெட்டியைத் துப்புரவு செய்தபோது, சோடம் என்ற ஜேர்மன் மெட்டல் இசைக்குழுவின் பழைய கசட் கிடைத்தது. நாடா முழுக்க வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சணம். எங்கள் பக்கத்து மூட்டத்துக்கு உடுதுணியே தப்பாது, நாடா எங்கே தப்பும்? அடுப்புக்கு மேலே விறகு காய்கிற இடத்தில் இரண்டு நாள் வைத்தேன். பஞ்சால் துடைத்து, பேனையைக் கசட்டின் பல்லில் கொடுத்துச் சுற்றி, அண்ணன் வீட்டு ரேடியோவில் போட்டால் முதல் பக்கம் பாடுகிறது. மறுபக்கம் வெறும் இரைச்சல். சோடம் பற்றி எழுத வேண்டும் என்று பல நாளாக மனதில் கிடந்தது, இப்போது எழுதிவிடுகிறேன்.

1997ஆம் வருடம். ஓ.எல். எழுதிவிட்டு, தேயிலைத் தோட்டத்து லயத்துப் பொடியன்கள் பலரையும் போல நானும் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போனேன். புறக்கோட்டையில் மொத்தப் பலசரக்குக் கடை. பகலெல்லாம் மூட்டை இறக்குவது, இரவு மேல்மாடியில் சாக்கு விரித்துப் படுப்பது. கூடப் படுத்த கண்டிப் பையனிடம் வோக்மன் இருந்தது. நடைபாதையில் பிரதி எடுத்து விற்கிற கசட்டுகளைச் சம்பளத்தில் பாதிக்கு வாங்கி வைத்திருப்பான். ஒரு இரவு அதை என் காதில் மாட்டிவிட்டான். 'ஏஜண்ட் ஒரேஞ்ச்' என்று பெயர் போட்ட கசட். முதல் அரை நிமிடம் எனக்கு எதுவுமே பிடிபடவில்லை. அத்தனை வேகம்.

"என்னடா பாடுறான்?" என்று கேட்டேன்.

"மருந்து அடிக்கிறதப் பத்தி" என்றான். வியட்நாம் போரில் அமெரிக்க விமானங்கள் காட்டின் மேல் கொட்டிய களைகொல்லியாம். மரம் மட்டை எல்லாம் இலை உதிர்த்து நின்றதாம். அதில் கலந்திருந்த டயொக்சின் நஞ்சு மனிதர்களையும் விடவில்லையாம்.

நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். எங்கள் அப்பா தோட்டத்தில் மருந்து அடிக்கிற ஆள். காலையில் ஆட்களை வேலைக்குப் பிரித்துவிடுகிற பெரட்டு முடிந்ததும் டேங்கை முதுகில் மாட்டிக்கொண்டு மலை ஏறுவார். ஒரு கை பம்பை அடிக்கும், ஒரு கை குழாயைப் பிடிக்கும். மூடி சரியாக இறுகாத டேங்க் என்றால் அன்றைக்குச் சட்டை முதுகு நீலப்பச்சையாக ஊறிப் போயிருக்கும். கையுறையும் முகமூடியும் எங்கள் தோட்டத்தில் நான் கண்டதே இல்லை. மாலையில் வந்ததும் எங்களைத் தொடமாட்டார், நேரே குளிக்கிற பீலிக்குத்தான் போவார். அவருடைய உடுப்பை அம்மா தனியாகத்தான் துவைப்பார். இதையெல்லாம் யாரும் ஒரு விஷயமாகப் பேசியதில்லை. எங்கேயோ ஜேர்மனியில் மூன்று பேர் மருந்தைப் பற்றித் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறார்கள் என்றதும் எனக்கு உடம்பெல்லாம் என்னவோ செய்தது.

அப்புறம் அந்தக் குழுவின் கதையைத் துண்டு துண்டாகச் சேர்த்துக்கொண்டேன். ஊர் கெல்சன்கிர்ஷன், நிலக்கரிக்குப் பேர்போன ரூர் பகுதி. 1982இல் தொடங்கினார்கள். பேஸ் கிட்டாரும் பாட்டும் டொம் ஏஞ்சல்ரிப்பர். மனிதர் சுரங்கத் தொழிலாளி. அந்த வேலையிலிருந்து எப்படியாவது வெளியே வந்துவிட வேண்டும் என்றுதான் குழுவையே ஆரம்பித்தார்கள். நிலத்தடிக் குழு என்று பலரைச் சொல்கிறோம், இவர் நிஜமாகவே நிலத்துக்கு அடியில் வேலை செய்துவிட்டு வந்து பாடியவர். 1983இலும் 1984இலும் வெளியிட்ட டெமோ என்கிற மாதிரிப் பதிவுக் கசட்டுகள் தபாலில் கைமாறிக் கைமாறித்தான் ஊர் ஊராகப் போயின. என்னிடம் வந்ததும் பிரதிக்குப் பிரதிதானே. அதனால் அந்தக் கொரகொர சத்தத்தை நான் குறையாகவே நினைத்ததில்லை.

ஆரம்பத்தில் அவர்களுக்குச் சாத்தான், சூனியம் இதுதான் பாட்டு. 1987இல் கிட்டாருக்கு ஃபிராங் பிளாக்ஃபயர் வந்த பிறகுதான் கைவேலை சுத்தமானது, பாட்டும் போரின் பக்கம் திரும்பியது. அந்த வருடத்து 'பெர்சிகியூஷன் மேனியா' அட்டையில்தான் நச்சுப்புகை முகமூடி போட்ட சிப்பாய் முதலில் வருகிறான். 1989இல் 'ஏஜண்ட் ஒரேஞ்ச்'. ஜேர்மன் விற்பனைப் பட்டியலுக்குள்ளேயே நுழைந்த அல்பம் அது. அதே வருடம் பிளாக்ஃபயர் பிரிந்து, பக்கத்து ஊரான எசனின் கிரியேட்டர் குழுவுக்குப் போய்விட்டார். இருபத்தைந்து வருடத்துக்கு மேல் கழித்து, 2018இல் திரும்பவும் வந்து சேர்ந்தார். அந்தச் செய்தியைப் படித்த நாள் எனக்குத் தீபாவளி மாதிரி.

அந்தக் கசட்டால் ஒரு இரவு உள்ளேயும் இருந்திருக்கிறேன். ஊருக்குப் போக இரவு மெயில் ரயிலைப் பிடிக்கக் கோட்டை நிலையத்துக்கு நடந்துபோகும்போது சோதனைச் சாவடியில் மறித்தார்கள். அடையாள அட்டையில் தமிழ்ப் பெயர், பையில் போர் விமானமும் முகமூடிச் சிப்பாயும் அச்சடித்த கசட் அட்டை. "இது எந்த இயக்கம்?" என்று கேட்டார்கள். பாட்டு என்றேன். நம்பவில்லை. அங்கிருந்த ரேடியோவில் போடச் சொன்னார்கள். போட்டதும் அந்தச் சின்னக் கூடாரம் அதிர்ந்தது. என் வயதுதான் இருக்கும், ஒரு சிப்பாய் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு காலால் தாளம் தட்டினான். பெரியவர் ஒரு பார்வை பார்த்ததும் நிறுத்திவிட்டான். காலையில் முதலாளி என் பொலிஸ் பதிவுத் துண்டோடு வந்து என்னைக் கூட்டிப் போனார். கசட்டைத் தந்தார்கள், அட்டையைத் தரவில்லை.

உங்களுக்கு எப்படி வந்து சேர்ந்தது? சொல்லுங்கள்.

ஹட்டன்

எங்கள் வீட்டில் பெயரே பிரச்சினை. அம்மா தினமும் வேதாகமம் வாசிப்பவர். என் கொப்பியில் எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டிப் பார்த்துவிட்டு, "சோதோமா? கந்தகமும் நெருப்பும் பெஞ்ச ஊர் பேரையா எழுதி வச்சிருக்க?" என்று அழுதேவிட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஏனென்றால் நான் அப்போது கேட்டுக்கொண்டிருந்தது அவர்களுடைய முதல் சிறு தட்டு, 'இன் த சைன் ஒஃப் ஈவில்'. அதில் உள்ளது முழுக்கச் சாத்தான் விஷயம்தான். பின்னாளில் நோர்வேயின் பிளாக் மெட்டல் இசைக்காரர்கள் பாடம் படித்த தட்டுகளில் அதுவும் ஒன்று. நான் விசுவாசி, இன்றைக்கும் கோயிலுக்குப் போகிறேன். ஆனாலும் அந்தத் தட்டின் முரட்டுத்தனம் எனக்குப் பிடிக்கும். கையில் காசில்லாத பொடியன்கள் அவசரத்தில் அடித்த அடி அது. 1986இன் முதல் முழு அல்பத்தை இரண்டு முறை பதிவு செய்ய வேண்டி வந்தது, அமெரிக்காவில் வந்தது வேறு, ஜேர்மனியில் வந்தது வேறு. பொகவந்தலாவை அண்ணன் அந்தக் காலத்தை ஒரே வரியில் தாண்டிவிட்டார், அதுதான் எனக்குக் கொஞ்சம் மனவருத்தம்.

தலவாக்கலை

நான் தேயிலைத் தொழிற்சாலையில் ரோலர் பக்கம் வேலை. வாடின கொழுந்தைப் போட்டு அரைக்கிற மெஷின் நான்கும் ஒன்றாக ஓடினால் பேச்சுக் கேட்காது. ஒவ்வொன்றும் வேறு வேறு கதியில் சுற்றும். சில நேரம் நான்கும் ஒரே அடியில் வந்து விழும், திரும்பப் பிரியும். சோடத்துக்கு டிரம் அடித்த கிறிஸ் விட்ச்ஹண்டரின் அடியும் எனக்கு அப்படித்தான். கணக்காக அடிக்கிறவர் இல்லை, முந்துவார், பிந்துவார், ஆனால் விழ வேண்டிய இடத்தில் விழுவார். மாசி மாதம் காமன் கூத்தில் எங்கள் மாமா தப்புப் பறை அடிக்கும்போதும் இதைப் பார்த்திருக்கிறேன். ரதியும் மதனும் ஆடுகிற வேகத்துக்கு அடி ஏறும், நெருப்பில் காட்டி இறுக்கின தோல் கிணுகிணுவென்று பேசும். மாமாவுக்கு ஒருநாள் போனில் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "அடிக்கிறவன் கை நம்ம கை மாதிரி இருக்கு. எந்தத் தோட்டம்?" என்று கேட்டார். விட்ச்ஹண்டர் 2008இல் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று சொன்னதும், "அட பாவமே" என்று கொஞ்ச நேரம் பேசாமலே இருந்தார்.

பண்டாரவளை

நான் பள்ளிக்கூட ஆசிரியை. எனக்கு இந்தப் பாட்டெல்லாம் தம்பியிடமிருந்து வந்தது. 2018 டிசம்பரில் ஜேர்மனியின் கடைசி நிலத்தடி நிலக்கரிச் சுரங்கம் ரூர் பகுதியின் பொட்ரொப்பில் மூடப்பட்ட காட்சியைத் தம்பி போனில் காட்டினான். கறுத்த முகத்தோடு மேலே வந்தவர்கள் கடைசிக் கரித்துண்டை ஜனாதிபதி கையில் கொடுத்தார்கள், சில பேர் அழுதார்கள். "டொம் வேலை செஞ்ச பக்கம்தான் அக்கா" என்றான். வெளியேறத் துடித்த வேலைக்காகவும் மனுஷர் அழுவார்கள். எங்கள் அம்மாயி கொழுந்துக் கூடையை இறக்கி வைத்த கடைசி நாளும் இப்படித்தான் அழுதார்.

பொகவந்தலாவை

ஹட்டன் தம்பி சொன்னது சரி, அந்த முதல் தட்டை இன்னொரு முறை பொறுமையாகக் கேட்கிறேன். தலவாக்கலை நண்பரே, உங்கள் மாமாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

நேற்று இரவு அப்பாவையும் பக்கத்தில் உட்காரவைத்துப் போட்டேன். வேலையை விட்டுப் பல வருடம், இப்போது நெஞ்சுச் சளி விடுவதில்லை. பாட்டு எதைப் பற்றி என்று சொன்னேன். "அந்த மருந்து என்ன கலரு?" என்று கேட்டார். மருந்துக்கு அந்த நிறம் இல்லை, பீப்பாயில் செம்மஞ்சள் கோடு போட்டிருந்ததால்தான் அந்தப் பெயர் என்றேன். "நம்ம டின்லயும் கோடு இருந்துச்சு" என்றார். அவ்வளவுதான். பாட்டு முடியும்வரை எழுந்து போகவில்லை.

ஒரு உதவி. யாரிடமாவது அந்தக் கசட்டின் பழைய அட்டை இருந்தால் ஒரு கலர் கொப்பி எடுத்துத் தருவீர்களா? ஹட்டன் பஸ் நிலையம் வரைக்கும் வந்து வாங்கிக்கொள்கிறேன்.