2013 ஐமக்: திரையைத் திறந்து எஸ்.எஸ்.டி. போடலாமா?

கொக்குவில் பதிப்பு:

வணக்கம். வீட்டு முன்னறையில் சிறிய பதிப்பு வேலை செய்கிறேன். பெரும்பாலும் முப்பத்தோராம் நாளுக்கான நினைவு மலர்கள், ஊரில் நாம் கல்வெட்டு என்று சொல்வது. செத்தவீடு முடிந்த கிழமையே உறவினர் படங்களோடு வந்துவிடுவார்கள். வெளிநாட்டுப் பிள்ளைகளின் குறிப்புகள் கடைசி நாள்வரை வாட்ஸ்அப்பில் வந்துகொண்டே இருக்கும். ஆனால் நாள் தள்ளிப்போகாது. அன்று காலையில் மலர் வீட்டில் இருக்க வேண்டும்.

என்னிடம் இருப்பது 21.5 அங்குல ஐமக், திரைக்குள்ளேயே எல்லாம் அடங்கிய அப்பிள் கணினி, 2013 கடைசியில் வந்த மொடல். மைத்துனர் கனடாவில் இருந்து வந்தபோது கொண்டுவந்து தந்தார். ஐ5 2.7 கிகாஹேட்ஸ், 8 ஜி.பி. ரேம், 1 டி.பி. வன்தட்டு, இயங்குதளம் மொஹாவி. ஆளியைப் போட்டுவிட்டுத் தேநீர் ஊற்றிக் குடித்து முடித்தாலும் வேலை தொடங்க முடிவதில்லை. போன கிழமை 64 பக்க மலரைப் பி.டி.எப். ஆக்க இருபது நிமிடம் எடுத்தது. இறந்தவரின் மகள் பக்கத்துக் கதிரையில் இருந்து, தாயின் படத்துக்கு மேல் அந்த வட்டம் சுழல்வதையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத் தாங்கவில்லை.

புதிதாக வாங்க வசதி இல்லை. வன்தட்டுக்குப் பதிலாக எஸ்.எஸ்.டி.யும் (சுழலாத, வேகமான சேமிப்பகம்) 16 ஜி.பி. ரேமும் போட்டால் சரிவருமா? நகரில் ஒரு கடையில் கேட்டேன். திரையைத் திறக்க வேண்டும், உடைந்தால் பொறுப்பில்லை என்றார்கள். இன்னொன்று: என் பக்க வடிவமைப்பு மென்பொருள் பழைய 32 பிட் பதிப்பு. பதினைந்து வருட மலர்களெல்லாம் அதில் பாமினி எழுத்துருவில் கிடக்கின்றன. அது திறக்காமல் போனால் நான் முடிந்தேன்.

கோண்டாவில் கருவிப்பெட்டி:

அக்கா, காசு செலவழிக்குமுன் ஒன்றைப் பாருங்கள். மலரைத் திறந்து வைத்துக்கொண்டு, ஐமக்கிலேயே இருக்கும் ஆக்டிவிட்டி மொனிட்டர் செயலியில் நினைவக (ரேம்) பக்கத்தின் அடியில் உள்ள வரைபடம் என்ன நிறம் என்று கவனியுங்கள். பச்சை என்றால் 8 ஜி.பி. போதும், தாமதம் வன்தட்டில்தான். மஞ்சளுக்கும் சிவப்புக்கும் ஏறினால் ரேமும் காணாது.

இதை முதலில் கேட்கக் காரணம் உண்டு. 27 அங்குல ஐமக்கில் ரேமுக்கென்று முதுகில் ஒரு கதவு இருக்கிறது. உங்களுடையதில் இல்லை. திரை, வன்தட்டு, விசிறி, மின்வழங்கி எல்லாம் கழற்றித் தாய்ப்பலகையை வெளியே எடுத்தால்தான் ரேமுக்குக் கை எட்டும். புரோசசரும் கிராபிக்ஸும் உங்கள் மொடலில் பலகையோடு பற்றவைத்தவை. அவற்றை மாற்ற முடியாது.

திரை விஷயத்தில் கடைக்காரர் சொன்னது சரி. 2011 மொடல் வரை முன்கண்ணாடி காந்தத்தில் நின்றது. 2012 கடைசியில் வந்த மெல்லிய உடலில் இருந்து கண்ணாடியும் திரையும் ஒரே தகடு, சட்டத்தோடு நுரை நாடாவால் ஒட்டியிருக்கிறது. பிளாஸ்டிக் சில்லொன்றால் அந்த நாடாவைச் சுற்றிவர வெட்டுவேன். நாடா கிழியும் சத்தம் ஒரே சீராக வரும்; சத்தம் மாறினால் கையை நிறுத்திவிடுவேன். அடிப்பக்க நாடாவை மட்டும் விட்டுவைத்து, திரையைக் கொஞ்சம் முன்னே சாய்த்து, பின்னால் உள்ள இரண்டு மெல்லிய வயர்களையும் கழற்ற வேண்டும். பூட்டும்போது பழைய பசையை முழுதாகத் துடைத்துப் புது நாடா ஒட்ட வேண்டும். ஒருமுறை அவசரத்தில் ஒரு திரையின் மூலையை அழுத்திவிட்டேன். மயிர்போல ஒரு கோடு, என் கண்முன்னே மற்ற மூலைவரை ஓடியது. வெளிநாட்டில் இருந்து திரையை வரவழைத்து என் காசில் மாற்றிக் கொடுத்தேன். அன்றிலிருந்து ஆறுதலாகத்தான் திறக்கிறேன்.

சுன்னாகம் சந்தையடி:

அக்கா, திறக்கவே வேண்டாம். உங்கள் மொடலில் உள்ள நான்கு யூ.எஸ்.பி. துளைகளும் 3.0. ஒரு சாதாரண 2.5 அங்குல எஸ்.எஸ்.டி.யையும் அதற்கான யூ.எஸ்.பி. 3.0 உறையையும் வாங்கி, இயங்குதளத்தையே அதில் நிறுவி அதிலிருந்து தொடங்குங்கள். உள்ளே இருப்பது 5400 சுற்று வன்தட்டு. புதிதாக இருந்தபோதே நொடிக்கு 100 எம்.பி. அளவுதான். எஸ்.எஸ்.டி. யூ.எஸ்.பி. வழியாகவும் 400 வரை தரும். அதைவிட முக்கியம், நூற்றுக்கணக்கான சிறு கோப்புகளைத் தேடி ஊசி அங்குமிங்கும் ஓடும் நேரம் இல்லாமல் போய்விடும்.

ஒரு கவனம். நிறுவுவதற்காகக் கணினியைத் தொடங்கும்போது கமாண்ட், ஆர் விசைகள் இரண்டையும் மட்டும் அழுத்திப் பிடியுங்கள். இப்போதுள்ள மொஹாவியே வரும். ஒப்ஷன் விசையையும் சேர்த்தால் இந்த மொடல் ஏற்கும் கடைசிப் பதிப்பான கட்டலினா வந்துவிடும், அதில் 32 பிட் மென்பொருள் எதுவும் திறக்காது.

கோண்டாவில் கருவிப்பெட்டி:

தம்பி சொல்வதை ஏற்கிறேன். வேலை நடுவில் வயர் கழன்றால் கணினி நின்றுவிடும் என்பதுதான் என் பயம். உறையைத் திரையின் காலில் பின்பக்கமாக ஒட்டிவிடுங்கள், யூ.பி.எஸ். இல்லாமல் வேலை செய்யாதீர்கள். எப்படியும் முதல் வேலை கோப்புகளைப் பிரதி எடுப்பது. இந்த வயது வன்தட்டை நம்பி ஒரு நாள்கூட இருக்கக் கூடாது.

கொக்குவில் பதிப்பு:

இருவருக்கும் நன்றி. வரைபடம் பச்சையாகவே இருந்தது. படங்கள் நிறைந்த பக்கங்களில் மட்டும் சிறிது நேரம் மஞ்சள். ஆகவே ரேமைத் தொடவில்லை. 500 ஜி.பி. எஸ்.எஸ்.டி.யும் உறையும் வாங்கினேன். முதலில் எல்லா மலர்களையும் வேறொரு வன்தட்டுக்குப் பிரதி எடுத்தேன், அதற்கே ஓர் இரவு போனது. பிறகு மொஹாவியை நிறுவி, பழைய கணக்கை அப்படியே கொண்டுவந்தேன். மென்பொருள் திறந்தது, பாமினி எழுத்துகள் ஒன்றும் குழம்பவில்லை.

இப்போது முக்கால் நிமிடத்தில் வேலைக்கு வந்துவிடுகிறது. அதே 64 பக்க மலரை மறுபடி பி.டி.எப். ஆக்கிப் பார்த்தேன், மூன்று நிமிடம். பின்பக்கத் துளைகளைத் துடைத்தபோது துணி முழுக்கச் செம்மண் தூசி. உள்ளே விசிறி எப்படி இருக்குமோ? கருவிப்பெட்டி அண்ணா, அதற்காக ஒருநாள் திறக்க வேண்டி வந்தால் உங்களிடம்தான் கொண்டுவருவேன். இந்த மாதம் மட்டும் இரண்டு மலர்கள் கையில் இருக்கின்றன, அவை முடியட்டும்.