இரண்டு ஆண்டிவைரஸ் இருந்தும் படங்கள் பூட்டப்பட்டுவிட்டன

கேள்வி:
நேற்றிரவு மின்னஞ்சலில் வந்த ரசீதைத் திறந்தேன். சின்னம் பிடிஎஃப் போலவே இருந்தது. சில நிமிடங்களில் என் மகளின் ஆறு ஆண்டுப் படங்கள் ஒவ்வொன்றின் பெயரோடும் புரியாத எழுத்துகள் ஒட்டிக்கொண்டன. ஒன்றும் திறக்கவில்லை. பணம் கேட்டு ஒரு குறிப்பு திரையில் நிற்கிறது. இரண்டு ஆண்டிவைரஸ் வைத்திருந்தேன். கை நடுங்குகிறது. என்ன செய்வது?

பதில் 1:
இணையத்தை உடனே துண்டியுங்கள். வெளி வன்தட்டு செருகியிருந்தால் கழற்றிவிடுங்கள். பணம் அனுப்பாதீர்கள், கொடுத்தாலும் கோப்புகளைத் திறக்கும் சாவி வரும் என்ற உறுதி இல்லை. பூட்டிய கோப்புகளை அழித்துவிடாதீர்கள். 2016இல் தொடங்கப்பட்ட 'நோ மோர் ரான்சம்' தளத்தில் சில வகைகளுக்கு இலவசச் சாவி இருக்கிறது. வேறு கணினியில் தேடுங்கள்.

பதில் 2:
உங்கள் வேதனை புரிகிறது. நான் ஒரு முழு ஆய்வேட்டையே இப்படி இழந்தவன். இரண்டு ஆண்டிவைரஸ் ஒன்றோடொன்று மோதும், ஒன்று போதும். விண்டோஸ் கோப்புப் பெயரின் கடைசிப் பகுதியை மறைத்துவிடுகிறது. 'ரசீது.பிடிஎஃப்.இஎக்ஸ்இ' என்பது 'ரசீது.பிடிஎஃப்' என்றுதான் தெரியும். இஎக்ஸ்இ என்று முடிந்தால் அது ஆவணம் அல்ல, திறந்ததும் இயங்கும் நிரல். அந்த மறைப்பை முதலில் நீக்குங்கள். அப்டேட்டையும் தள்ளிப்போடாதீர்கள்: 2017 மே மாதம் இதேபோல் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாக்ரை என்ற தீநிரல் பரவியபோது அதற்கான திருத்தம் மார்ச்சிலேயே வந்திருந்தது. போடாதவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள்.

கேட்டவர்:
நன்றி. அலமாரியில் ஒரு பழைய வன்தட்டு கிடைத்தது; நான்கு ஆண்டுப் படங்கள் இருக்கும். கணினியை முழுதும் துடைத்த பிறகே அதைச் செருகுவேன்.