ஜெர்மனியில் ஆறு வாரம்: அட்டெண்டன்ஸ் இல்லாத படிப்புதான் படிப்பு

முதல்குளிர் (சனி, இரவு 10:20)

மாஸ்டர்ஸ் படிக்க வந்து இன்றோடு ஆறு வாரம். ரூர் பகுதியில் ஓர் ஊர். பல்கலைக்கழகத்தின் பெயர் வேண்டாம். என் துறையில் தமிழர்கள் ஏழே பேர், யாரென்று உடனே தெரிந்துவிடும். அடுத்த வருடம் வரப்போகிறவர்கள் கேட்டுக்கொண்டே இருப்பதால் மனதில் பட்டதை எழுதுகிறேன். மறுப்பு இருந்தால் தாராளமாகச் சொல்லுங்கள். "பொறுத்திருந்து பார்" என்று மட்டும் சொல்லாதீர்கள், அதை வீட்டில் நிறையக் கேட்டாயிற்று.

முதல் வகுப்பு பத்து மணி என்று போட்டிருந்தது. ஒன்பதே முக்காலுக்கே போய் முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டேன். பத்தாயிற்று, அரங்கில் நாலு பேர். பத்தேகாலுக்குப் பேராசிரியர் சைக்கிள் ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி வந்தார். தாமதமாக வரவில்லையாம். பத்து என்று போட்டால் பத்தேகாலுக்குத்தான் தொடக்கம், பழைய காலத்து வழக்கம். வகுப்பு முடிந்து அவர் நன்றி சொன்னதும் எல்லோரும் மேசையை முட்டியால் தட்ட ஆரம்பித்தார்கள். எங்கள் கல்லூரியில் மேசையைத் தட்டினால் விஷயம் ஹெச்ஓடி வரைக்கும் போகும். இங்கே அதுதான் கைதட்டல்.

அட்டெண்டன்ஸ் கிடையாது. வரலாம், போகலாம், வராமலே இருக்கலாம். வளர்ந்தவனாக நடத்துகிறார்கள். ஊரில் காய்ச்சலோடு போய் "பிரசன்ட் சார்" சொல்லிவிட்டு மேசையில் தலைவைத்துத் தூங்கியிருக்கிறேன், 75 சதவீதத்துக்காக. ரெக்கார்டு நோட்டு முழுக்க போன பேட்ச் அண்ணனுடையதைப் பார்த்து எழுதியது, அவர் அதற்கு முந்தைய பேட்ச்சைப் பார்த்து எழுதியது. இங்கே போன வாரம் ஒரு பயிற்சி வகுப்பில் என் விடையைப் பார்த்த டியூட்டர் கேட்டார்: "வெப்ப இழப்பு இல்லை என்று ஏன் எடுத்துக்கொண்டாய்?" எனக்குப் பதில் தெரியவில்லை. எப்போதும் அப்படித்தான் எடுப்போம், அவ்வளவுதான். அவர் திட்டவில்லை, பேனாவை மூடிவைத்துவிட்டுக் காத்திருந்தார். ஒரு நிமிடம் இருக்கும். பி.இ. நான்கு வருடத்தில் ஓர் ஆசிரியரும் என் பதிலுக்காக அவ்வளவு நேரம் காத்திருந்ததில்லை.

இதற்கெல்லாம் கட்டணமும் கிடையாது. செமஸ்டருக்கு முன்னூறு யூரோ சொச்சம், அதிலேயே ரயில், பஸ் பாஸும் அடங்கிவிடுகிறது. ஊரில் நடப்பது படிப்பே இல்லை என்று சொன்னால் கோபித்துக்கொள்வீர்கள், ஆனால் எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது.

மூன்றாவதுமுயற்சி (சனி, இரவு 11:05)

பொறுத்திருந்து பார் என்று சொல்லமாட்டேன் தம்பி. ஒரே கேள்வி: பரீட்சைக்கும் லேபுக்கும் தனித்தனியாகப் பதிவு செய்துவிட்டாயா?

நான் 2019இல் வந்தேன். ஆறாவது வாரத்தில் நானும் இதே மாதிரி ஒரு பதிவு போட்டேன், இப்போது தேடினால் கிடைக்காது, அழித்துவிட்டேன். முந்நூறு பேர் அரங்கில் நான் ஒருவன் இல்லாதது யாருக்குத் தெரியும்? முதலில் ஒரு திங்கட்கிழமை போகவில்லை. மழை. அடுத்த திங்கள், இரவு வேலை முடித்த களைப்பு. அப்புறம் காரணமே தேவைப்படவில்லை. மொத்தம் ஏழு வாரம். ஊரில் இரண்டு நாள் மட்டம் போட்டால் அப்பாவுக்கு எஸ்எம்எஸ் போகும். அந்த எஸ்எம்எஸ்ஸை எவ்வளவு திட்டியிருப்பேன் தெரியுமா?

பிப்ரவரியில் ஒரே பரீட்சை, முழு மதிப்பெண்ணும் அதற்குத்தான். இன்டர்னல், அசைன்மென்ட் என்று கைதூக்கிவிட எதுவும் இல்லை. 5.0 வாங்கினேன். அம்மா போனில் "அஞ்சுக்கு அஞ்சா, கண்ணு!" என்றார். இங்கே 1.0தான் உச்சம், 4.0 வரை பாஸ், 5.0 என்றால் ஃபெயில். திருத்திச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஊரில் அரியர் வைத்தால் திரும்பத் திரும்ப எழுதலாம். இங்கே பெரும்பாலான இடங்களில் மூன்று முறைதான். கட்டாயப் பாடத்தில் மூன்றாவதும் போனால் பெயரை நீக்கிவிடுவார்கள். அதே படிப்பை ஜெர்மனியில் வேறு பல்கலைக்கழகத்திலும் தொடர முடியாது. என் பெயரைப் பார்த்தால் புரிந்திருக்கும், நான் மூன்றாவது முறையில் தேறியவன். கூட எழுதிய தெலுங்கு நண்பன் தேறவில்லை. வளர்ந்தவனாக நடத்துகிறார்கள் என்கிறாயே, கவனிக்க ஆளில்லாததை அப்படியும் சொல்லலாம்.

முதல்குளிர் (சனி, இரவு 11:30)

அண்ணா, கோபிக்காதீர்கள். ஏழு வாரம் போகாதது நீங்கள். அதற்குப் பல்கலைக்கழகம் என்ன செய்யும்?

மூன்றாவதுமுயற்சி (சனி, இரவு 11:34)

ஒன்றும் செய்யாது. அதைத்தான் சொல்கிறேன். பதிவு செய்தாயா என்று கேட்டேன், பதில் இல்லை.

அப்பாமதுரை (ஞாயிறு, காலை 6:15)

தம்பி, என் மகனும் அங்கேதான் இருக்கிறான், உங்களைவிட ஒரு வருடம் மூத்தவன். கட்டணம் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நான் கட்டியதைச் சொல்கிறேன். மகனின் அங்கத்திய செலவுக்கு முன்கூட்டியே போட்டுவைக்கவேண்டிய பிளாக்டு அக்கவுண்டில் 11,904 யூரோ, ஒரே தவணையில். யூரோ நூறு ரூபாய் என்று வைத்தாலும் பன்னிரண்டு லட்சம் ஆகிறது. நம் ஊர்ப் பட்டத்தைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழுக்கு 18,000 ரூபாய். விசா, விமான டிக்கெட், குளிர்கோட்டு எல்லாம் தனி. என் பி.எஃப். பணமும் வீட்டுப் பத்திரமும் பேங்கில் இருக்கின்றன. "இலவசப் படிப்பு" என்று நீங்கள் எழுதுவதைப் படித்துவிட்டு எங்கள் தெருவில் இன்னும் இரண்டு பேர் பத்திரத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

முதல்குளிர் (ஞாயிறு, பகல் 12:40)

ஐயா, அது கட்டணம் இல்லையே. மாதம் 992 யூரோவாக நமக்கே திரும்பி வரும் பணம். ஊரில் தனியார் கல்லூரியில் கட்டியது எதுவும் திரும்பி வரவில்லை.

அப்பாமதுரை (ஞாயிறு, பகல் 1:05)

உங்களுக்குத் திரும்பி வருகிறது தம்பி. எனக்கு வரவில்லை.

தோசைக்கல் (ஞாயிறு, பகல் 2:10)

ஐயா சொன்னதற்கு நானும் ஒரு ஓட்டு. "ஜெர்மனியில் இலவசம்" என்பவர்கள் எந்த மாநிலம் என்று சேர்த்துச் சொல்லவேண்டும். நான் இருப்பது பாடன்-வுர்ட்டம்பெர்க். 2017இலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு இங்கே செமஸ்டருக்கு 1,500 யூரோ. என் 992இல் அறை வாடகையும் இன்சூரன்ஸும் போனால் மிச்சம் நானூறுதான். இன்சூரன்ஸ் மட்டுமே நூற்று நாற்பதுக்கு மேல்.

ஆனால் மூன்றாவதுமுயற்சி அண்ணன் எழுதியதை அப்படியே ஒப்புக்கொள்ள முடியாது. நீங்கள் பையன். ஊரில் உங்களைத் தேடியது எஸ்எம்எஸ் மட்டும்தான். எங்கள் ஹாஸ்டலில் மாலை ஆறரைக்கு கேட் பூட்டுவார்கள். நூலகம் எட்டு வரை திறந்திருக்கும், எங்களுக்கு மட்டும் இல்லை. ஃபைனல் இயர் புராஜெக்டில் பையன்கள் ராத்திரி லேபில் உட்கார்ந்து வேலை செய்வார்கள், காலையில் நான் போய் ரீடிங்கைக் காப்பி எடுப்பேன். இங்கே வந்த மூன்றாவது நாள் நூலகத்தில் மணி பார்த்தேன், 11:50. இருட்டில் தனியாக நடந்து அறைக்கு வந்தேன். எங்கே போனாய், யாரோடு போனாய் என்று கேட்க ஒருவருமில்லை. இதை "கவனிக்க ஆளில்லை" என்று நீங்கள் சொன்னால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது.

சரி, மறுபக்கத்தையும் மறைக்கவில்லை. போன நவம்பரில் காய்ச்சல். மூன்று நாள் கதவைத் திறக்கவில்லை, பக்கத்து அறையில் இருப்பவளுக்கு நான் இருக்கிறேனா என்றே தெரியாது. ஞாயிற்றுக்கிழமை, கடையெல்லாம் மூடல், பிரெட்டும் தீர்ந்துபோயிற்று. பால்கனியில் சேர்த்துவைத்த காலி பாட்டில்கள்தான் மிச்சம். ஒவ்வொன்றுக்கும் 25 சென்ட் திரும்பக் கிடைக்கும், ஆனால் அந்த மெஷினும் கடைக்குள்ளேதான். திங்கட்கிழமை டாக்டரிடம் போனால் மூலிகைத் தேநீர் குடி, படு என்றார். அன்றைக்குத்தான் ஹாஸ்டல் வார்டனை முதல்முறையாக நல்லவிதமாக நினைத்தேன். அதற்காக கேட் திரும்ப வேண்டும் என்று சொல்லமாட்டேன்.

மூன்றாவதுமுயற்சி (ஞாயிறு, பகல் 2:45)

கேட் விஷயம் எனக்குத் தோன்றவில்லை, உண்மைதான். பரீட்சை பற்றிச் சொன்னதில் மாற்றமில்லை.

ஹம்வாசி (ஞாயிறு, மாலை 5:20)

பிள்ளையள், இவ்வளவும் வாசிச்சன். நான் ஈழத்து ஆள், 1985இல் கிழக்கு பெர்லினில் இறங்கி, நகர ரயிலில் ஏறி மேற்கால வந்தனான். அப்ப கன பேர் அப்படித்தான் வந்தம். பிறகு எங்களை ஒவ்வொரு ஊராப் பிரிச்சு விட்டவை. எனக்குக் குடுத்த மாவட்டத்தை விட்டு வெளியில போகேலாது. அடுத்த ஊரில மச்சான் இருந்தவன், முப்பது கிலோமீட்டர். அவனைப் பார்க்கக் கடிதம் எழுதி அனுமதி கேக்கவேணும். வேலை செய்யவும் விடேல்லை. ஆர், எங்க, எத்தனை பேர் எண்டு ஒவ்வொரு நாளும் எங்களைத் தேடினவை.

ஆனபடியால் "இங்க ஒருத்தரும் எங்களைத் தேடுறதில்லை" எண்டு தம்பி முறைப்பாடு மாதிரி எழுதேக்க எனக்கு விசித்திரமா இருக்கு. ஒருத்தரும் தேடாமல் ஒரு நாட்டில நடமாடுறது பெரிய கொடுப்பினை.

முதல்குளிர் தம்பிக்கும் ஒண்டு. ஆறு கிழமையில டொச், அதுதான் ஜெர்மன் மொழி, எவ்வளவு கதைப்பீர்? உங்கட வகுப்பு ஆங்கிலத்தில, அறையில தமிழ், கடையில கார்டை நீட்டினால் சரி. என்ரை மகனோட படிச்ச இந்தியப் பெடியன் நல்ல கெட்டிக்காரன், படிப்பு முடிச்சு வேலை தேட 18 மாதம் விசா குடுத்தவை. நேர்முகத் தேர்வில நாலு வசனம் தொடர்ந்து டொச் கதைக்க ஏலாமல் போச்சு. நாங்கள் ரெஸ்ரோரண்ட் குசினியில கோப்பை கழுவிக்கொண்டு படிச்ச மொழி.

முதல்குளிர் (ஞாயிறு, மாலை 6:00)

ஐயா, அதை எழுதியது நான் இல்லை, அண்ணன்தான். நான் உங்கள் கட்சி. டொச்சில் ஏ1, அதாவது முதல் நிலை, முடித்திருக்கிறேன், ஆனால் கடையில் நான் ஆரம்பித்தால் அவர்களே ஆங்கிலத்துக்கு மாறிவிடுகிறார்கள்.

ஹம்வாசி (ஞாயிறு, மாலை 6:12)

மாறினால் நீர் மாறாதையும். வைகாசி, ஆனி வாக்கில காமாட்சி அம்பாள் கோயில் தேருக்கு வாரும், ஹம்மில. 2002இல் குடமுழுக்குச் செய்த கோயில். தீர்த்தத்துக்கு ஆறு இல்லை, பக்கத்தில கப்பல் போற கால்வாயிலதான். ஆயிரக்கணக்கில சனம் வரும், சோறும் உண்டு. ஆனால் அங்க டொச் பழகேலாது, அது வேற விசயம்.

அப்பாமதுரை (ஞாயிறு, மாலை 6:40)

ஐயா, நீங்கள் அங்கே இருப்பதால் கேட்கிறேன். மகன் போன் செய்தால் "சாப்பிட்டேன்" என்பதற்கு மேல் பேசுவதில்லை. மதிப்பெண் கேட்டால் 2.7 என்றான். நல்லதா கெட்டதா?

மூன்றாவதுமுயற்சி (ஞாயிறு, மாலை 6:48)

நல்லதுதான் சார். பாஸ் மட்டுமில்லை, கௌரவமான மார்க். சந்தோஷமாகவே பேசுங்கள்.

தோசைக்கல் (ஞாயிறு, மாலை 6:55)

சாப்பிட்டேன் என்கிறவன் சாப்பிட்டிருப்பான் ஐயா. மென்சாவில், அதாவது பல்கலைக்கழக கேன்டீனில், நாலு யூரோவுக்குள் உருளைக்கிழங்காவது கிடைத்துவிடும்.

முதல்குளிர் (ஞாயிறு, இரவு 9:30)

அண்ணா, நேற்றே கேட்டதற்கு இப்போதுதான் பார்த்தேன்.

பரீட்சைப் பதிவு இன்னும் திறக்கவில்லை, டிசம்பர் என்று இருக்கிறது. லேப் பதிவு அக்டோபர் 31இலேயே முடிந்துவிட்டது. போர்ட்டலில் நான்காவது பக்கத்தில், டொச்சில் மட்டும் போட்டிருக்கிறார்கள். நான் அந்த வகுப்புக்கு வாரம் தவறாமல் போகிறேன், ஒரு நாளும் யாரும் சொல்லவில்லை. எல்லோரும் செய்துவிட்டார்களாம், பக்கத்தில் உட்காரும் சீனப் பெண்ணும்கூட. அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மூன்றாவதுமுயற்சி (ஞாயிறு, இரவு 9:33)

மெயில் போட்டாயா?

முதல்குளிர் (திங்கள், பகல் 11:50)

ராத்திரியே போட்டேன், பதிலும் வந்துவிட்டது. இரண்டே வரி. "மதிப்பிற்குரிய" என்று ஆரம்பித்து, அடுத்த குளிர்கால செமஸ்டரில் பதிவு செய்துகொள்ளலாம் என்று முடிகிறது. அன்பான வாழ்த்துகளாம்.

ஒரு வருடம் தள்ளிப்போகிறது. ஊராக இருந்தால் கிளாஸ் ரெப் வாட்ஸ்அப்பில் நாற்பது தடவை போட்டிருப்பான். ஆனாலும் நான் முதலில் எழுதியதை வாபஸ் வாங்கவில்லை. அந்த டியூட்டர் காத்திருந்த ஒரு நிமிடம் பொய்யில்லையே.

மூன்றாவதுமுயற்சி (திங்கள், பகல் 12:05)

வாபஸ் வாங்கச் சொல்லி யார் கேட்டது? இதைக் கேள். லேப் குழுவில் இரண்டாவது வாரத்திலேயே ஒன்றிரண்டு பேர் கழன்றுகொள்வார்கள், எல்லா வருடமும் நடக்கும். மெயிலில் கேட்டால் விதிதான் பதிலாக வரும். நேரில் போ. யாரிடம் ஸ்பிரெக்ஷ்டுண்டே, அதாவது மாணவர்களை நேரில் பார்க்கும் நேரம், இருக்கிறது பார், அச்சடித்த மாணவர் சான்றிதழ் ஒன்று கையில் வைத்துக்கொள், காத்திருப்போர் பட்டியல் உண்டா என்று மட்டும் கேள். கதை சொல்லாதே.

ஹம்வாசி (திங்கள், பகல் 12:20)

டொச்சில கேளும். பிழைபிழையா எண்டாலும் பரவாயில்லை.

முதல்குளிர் (திங்கள், பகல் 12:31)

நாளைக்கு, செவ்வாய், பத்திலிருந்து பன்னிரண்டு என்று போட்டிருக்கிறது. அப்போ பத்தேகாலுக்குப் போனால் சரியாக இருக்குமா?

தோசைக்கல் (திங்கள், பகல் 12:33)

ஐயோ தம்பி. கால்மணிக் கணக்கெல்லாம் வகுப்புக்கு மட்டும். ஆபீஸில் பத்து என்றால் பத்துதான். நீ ஒன்பதே முக்காலுக்கே போய் நில்.