இரும்புக் குளிசை குடிச்சா ஒங்காளிக்குது, விடலாமா?

கேள்வி (ஆரையம்பதி): அக்காமாரே, எனக்கு 7 மாசம், கிளினிக்ல ரத்த அளவு (ஹீமோகுளோபின்) 9.8 எண்டு சொன்னாங்க. குளிசை குடிச்சா ஒங்காளம், மலமும் கறுப்பாப் போகுது பயமா இருக்கு. மாமி சொல்றா குளிசையால பிள்ளை கறுக்குமாம், விடு எண்டு.

பதில் (கல்முனை): விட்டிராதீங்க தங்கச்சி. இந்த மாசத்தில 11க்குக் குறைஞ்சா ரத்தச்சோகைதான், பிள்ளைப்பேற்றில ரத்தம் போனா உடம்பு தாங்காது. மலம் கறுக்கிறது இரும்பாலதான், பிள்ளைட நிறத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. ராவைக்கு சாப்பிட்டுப் படுக்கப்போக்க தண்ணியோட குடிங்க, ஒங்காளம் குறையும். கல்சியம் குளிசைய அதோட சேர்க்காம பகல்ல எடுங்க.

பதில் (களுவாஞ்சிக்குடி): பிளேன்டீ விசயத்தில கவனம்! நம்மட வீடுகள்ல சோறு திண்ட கையோட தேத்தண்ணி, அது இரும்ப உடம்பில சேர விடாது, ஒரு மணித்தியாலமாவது தள்ளிக் குடிங்க. தேசிக்காய்த் தண்ணி, கொய்யாப்பழம் நல்லம். கிளினிக்ல தாற திரிபோஷா சத்துமாவ வீட்டுல எல்லாருக்கும் உருண்டை புடிச்சுக் குடுக்காம நீங்க சாப்பிடுங்க, அது உங்களுக்குத் தந்தது.

பதில் (அக்கரைப்பற்று): ஒங்காளம் நிக்காட்டி மிட்வைஃப் மிஸ்ஸிட்ட சொல்லுங்க, வேற மாதிரித் தருவாங்க. ரத்தம் பட்டாலோ, கடும் தலையிடியோட கண் மங்கினாலோ, பிள்ளைத் துடிப்புக் குறைஞ்சாலோ கிளினிக் நாள் வரைக்கும் இருக்காதீங்க, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க.