குரூஸ் கன்ட்ரோல் சுவிட்ச் சர்க்யூட் பிரச்சனை: பார்த்தவங்க அனுபவத்த எழுதுங்க

நான் ஷார்ஜால இருக்கேன், வேலை அபுதாபில. ஒரு பக்கமே 150 கிலோமீட்டருக்கு மேல வரும், இ11 ரோட்டுல முழுக்க ரேடார் கேமரா, அதனால குரூஸ் (ஆக்ஸிலேட்டர மிதிக்காமலே வண்டி ஒரே ஸ்பீடுல போற வசதி) எனக்கு சொகுசு கிடையாது, அது இல்லைன்னா வலது காலும் போச்சு ஃபைனும் வந்துச்சு. வண்டி பத்து வருஷம் தாண்டின ஜப்பான் செடான், ஆட்டோமேட்டிக்.

பிரச்சனை எப்படின்னா, நேரா போறப்ப எல்லா பட்டனும் ஒழுங்கா வேலை செய்யும். நீளமான வளைவுல ஸ்டியரிங் கொஞ்சம் திரும்பியிருக்கப்ப ரெஸ்யூம் பட்டன (ஸ்பீட ஏத்துறது) அமுக்குனா ஸ்பீடு ஏறுறதுக்கு பதிலா இறங்கும். சில நேரம் ஹார்னும் அடிக்காது. ஒரு கராஜ்ல சுவிட்ச் போச்சு மாத்திடலாம்னாங்க, இன்னொரு இடத்துல இசியு-வா (வண்டிய கன்ட்ரோல் பண்ற கம்ப்யூட்டர்) இருக்கும்னு பெரிய தொகையா சொன்னாங்க. ரெண்டு பேருமே மல்டிமீட்டர கையில எடுக்கல. ரெஸ்யூம் அமுக்குனா செட் பட்டன் (ஸ்பீட பதிக்கிறது, குரூஸ் ஓடுறப்ப ஸ்பீட இறக்குறது) வேலை நடக்குதுன்னா அதுக்குள்ளயே விடை இருக்குன்னு எனக்கு பட்டுச்சு.

ஏன்னு சொல்றேன். இந்த மாதிரி வண்டில நாலு பட்டனுக்கு நாலு ஒயர் போகாது, சிக்னல் ஒரு ஒயர், எர்த் ஒரு ஒயர், அவ்வளவுதான். ஒவ்வொரு பட்டனுக்கும் வேற வேற ரெசிஸ்டன்ஸ் வச்சிருப்பாங்க, இசியு அந்த வோல்டேஜ பாத்து எந்த பட்டன்னு புரிஞ்சுக்கும். என் வண்டி சர்வீஸ் மேனுவல்ல இருக்கிற கணக்கு: எதையும் அமுக்கலைன்னா 10 கிலோ ஓமுக்கு மேல, ஆன்-ஆஃப் பட்டன் 2.5 ஓமுக்கு கீழ, ரெஸ்யூம் 240 சுமாரு, செட் 630 சுமாரு, கேன்சல் 1540 சுமாரு. இப்ப பாருங்க, வழியில எங்கயோ ஒரு 400 ஓம் கூட சேந்துச்சுன்னா 240 போய் 640 ஆயிடும், இசியுக்கு அது செட் பட்டன் மாதிரிதான் தெரியும். சுவிட்ச் கெட்டிருந்தா ஸ்டியரிங் எந்தப் பக்கம் திரும்பியிருக்குன்னு அதுக்கு என்ன தெரியும்? அதனால சந்தேகம் ஸ்டியரிங்குக்கு பின்னாடி இருக்கிற ஸ்பைரல் கேபிள் மேல போச்சு, கிளாக் ஸ்ப்ரிங்னும் சொல்வாங்க, சுருளா சுத்தி வச்ச தட்டையான ரிப்பன் அது. குரூஸ், ஹார்ன், ஏர்பேக் எல்லாமே அது வழியாதான் போகுது.

டெஸ்ட் பண்ண ஏர்பேக்க கழட்ட வேண்டியதே இல்ல. பேட்டரி நெகட்டிவ கழட்டி, மேனுவல் சொல்ற மாதிரி 90 செகண்டுக்கு மேல காத்திருந்து, ஸ்டியரிங் காலம் கவர கீழ இறக்குனா ஸ்பைரல் கேபிளோட கீழ்ப்பக்க கனெக்டர் தெரியும். மஞ்சள் கனெக்டர் ஏர்பேக்கோடது, அதுல மட்டும் மீட்டர் வைக்கவே வைக்காதீங்க, மீட்டர் விடுற சின்ன கரண்டே ஆபத்து. இன்னொரு கனெக்டர்ல குரூஸ் சிக்னல் பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் நடுவுல மீட்டர வச்சு, சாவிய ஏசிசி-ல போட்டு ஸ்டியரிங் லாக்க எடுத்துட்டு, முன் சக்கரத்த ஜாக்கில தூக்கி ஸ்டாண்டு போட்டு, ஒருத்தர் ரெஸ்யூம அமுக்கிட்டே இருக்க நான் மெதுவா ஸ்டியரிங்க திருப்பினேன். நேரா இருக்கப்ப 241. கொஞ்சம் வலது பக்கம் போனதும் 300, 580, 650னு குதிச்சுது, திரும்ப நேரா வந்ததும் 241.

பீப் சவுண்ட நம்பாதீங்க, கன்டினியூட்டி டெஸ்ட் ஒயர் முழுசா அறுந்திருந்தாதான் ஒழுங்கா காட்டிக்கொடுக்கும், விரிசல் விட்ட ஒயர் நேரா இருக்கப்ப ஜம்முனு பீப் அடிக்கும். ஓம்ஸ் நம்பர பாக்கணும், அதுவும் திருப்பிக்கிட்டே பாக்கணும்.

புது ஸ்பைரல் கேபிள் போட்டேன், சரியாயிடுச்சு. போடுறப்ப சக்கரம் நேரா இருக்கணும், கேபிள சென்டர் பண்ணித்தான் மாட்டணும், இல்லைன்னா ஒரு பக்கம் முழுசா திருப்புறப்ப ரிப்பன் அறுந்துடும்.

பதில் 1

சேலத்துல ஒர்க்‌ஷாப் வச்சிருக்கேன் தம்பி, அருமையா எழுதியிருக்கீங்க. எங்கிட்ட வர்ற வண்டிங்கள்ல பாதிக்கு மேல சுவிட்சும் இல்ல கேபிளும் இல்ல, பிரேக் பெடல்தான். போன மழைக்காலத்துல ஒரு ஸார் வந்தாரு, டேஷ்போர்டுல குரூஸ் லைட் வருது, செட் மட்டும் எடுக்கல. நான் மொதல்ல பாத்தது டிரைவர் காலடி மேட்ட. அதுல சின்ன சின்னதா பிளாஸ்டிக் தூள். பெடல் ஆர்ம்ல ஒரு சின்ன ஸ்டாப்பர் இருக்கும், அது வெயில்ல காஞ்சு உடைஞ்சு விழுந்திருச்சு, அந்த ஓட்டை வழியா பிரேக் சுவிட்ச் முனை வெளிய வந்துருச்சு, வண்டி எந்நேரமும் பிரேக் அமுக்கியிருக்குன்னே நினைக்குது. பின்னாடி போய் பாத்தா பிரேக் லைட் எரிஞ்சுகிட்டே இருக்கு, பின்னாடி வர்றவனுக்கு இவரு எப்ப நிறுத்துறாருன்னே தெரியாது. ஸ்கேனர்ல பி0571-ன்னு எரர் கோடு, பிரேக் சுவிட்ச் சர்க்யூட்ல கோளாறுன்னு அர்த்தம். ஒரு ஸ்டாப்பர் போட்டோம், முடிஞ்சுது.

பிரேக் லைட் ஒழுங்கா எரியுதுன்னு மட்டும் பாத்துட்டு சுவிட்ச் நல்லாருக்குன்னு சொல்லிராதீங்க. நிறைய வண்டில அந்த சுவிட்சுக்குள்ள ரெண்டு கான்டாக்ட், அமுக்குனா ஒண்ணு சேரும் இன்னொண்ணு பிரியும், இசியு ரெண்டையும் ஒத்துப்பாக்கும். ஸ்கேனர்ல லைவ் டேட்டா (இசியு அந்த நேரம் பாக்குற சிக்னல்) எடுத்து ரெண்டு லைனையும் பாருங்க. கியர் வண்டின்னா கிளட்ச் பெடல்லயும் சுவிட்ச் உண்டு, அதையும் விட்ராதீங்க.

பிரேக் பக்கத்த நான் அழுத்தி சொல்றதுக்கு காரணம் இருக்கு. அமெரிக்கால ஃபோர்டு வண்டிங்கள்ல குரூஸ கட் பண்ற பிரஷர் சுவிட்ச்ல பிரேக் ஆயில் கசிஞ்சு தீப்பிடிச்சு, 1999-ல ஆரம்பிச்சு 2009 வரைக்கும் 1 கோடியே 40 லட்சம் வண்டிக்கு மேல ரீகால் பண்ணாங்க. இத்தனூண்டு சுவிட்ச்.

பதில் 2

அண்ணே எனக்கு நடந்தது வேற. பையன் பின் சீட்ல இருந்து எட்டி ஜூஸ கொடுக்க அது ஸ்டியரிங் மேலயே கொட்டிருச்சு. கொஞ்ச நாள்ல குரூஸ் தானா கேன்சல் ஆக ஆரம்பிச்சுது, எரர் கோடு எதுவும் இல்ல. லைவ் டேட்டால பட்டன தொடாமயே கேன்சல் ஆன் ஆஃப்னு மாறிட்டே இருந்துச்சு. அதுவும் ஸ்டியரிங் எப்படி இருந்தாலும் ஒரே மாதிரி, அதனால கேபிள் இல்லன்னு தெரிஞ்சுது. சுவிட்ச பிரிச்சு பாத்தா உள்ள பிசுபிசுன்னு இருக்கு. க்ளீன் பண்ணதுல கொஞ்ச நாள்தான் ஓடுச்சு, அப்புறம் புதுசே போட்டேன். ஷார்ஜா அண்ணே ஒரு டவுட்டு, எனக்கு இப்ப ஹார்னும் சில சமயம் அடிக்க மாட்டேங்குது, குரூஸ் ஓகே, ஏர்பேக் லைட் ஒரு தடவ வந்து போச்சு. வெய்ட் பண்ணலாமா?

ஷார்ஜாவிலிருந்து பதில்

வேணாம் தம்பி, இந்த வாரமே பாருங்க. ஹார்னும் ஏர்பேக் லைட்டும் சேந்து வந்தா ஸ்பைரல் கேபிள்தான் மொத சந்தேகம், அந்த லைன் விட்டுப்போச்சுன்னா மோதுற நேரத்துல டிரைவர் பக்க ஏர்பேக் விரியாமலே போகலாம். ஏர்பேக் கோட படிக்கிற ஸ்கேனர் இருக்கிற இடமா போங்க, சாதா இன்ஜின் ஸ்கேனர் அத காட்டாது. லைட் அணைஞ்சிருந்தாலும் பழைய கோடு மெமரில இருக்கும், அழிக்கிறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ எடுத்துக்கோங்க. வண்டி மாடலும் வருஷமும் இங்க போடுங்க, பட்டன் ஓம்ஸ் வேல்யூ யார்கிட்ட இருந்தாலும் தருவாங்க, வண்டிக்கு வண்டி அது மாறும், என் நம்பர வச்சு உங்க வண்டிய அளக்காதீங்க.