அப்பா தவறிய வருஷத்துக்கு வருமான வரி ரிட்டர்ன்: ஆடிட்டர் ஆபீசுக்கு என்னென்ன எடுத்துட்டுப் போகணும்?

பொன்மலைப் பையன்:
அப்பா பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ரிட்டையர் ஆனவர். 2025 ஆகஸ்ட்டில் தவறிட்டார். ரிட்டர்ன் விஷயமெல்லாம் அவரே பார்த்துக்குவார். தெருமுனை மாடியில் இருக்கிற சின்ன ஆடிட்டர் ஆபீசில் காகிதங்களை மஞ்சப்பையோடு கொடுத்துட்டு வருவார். அம்மாவுக்கு 66 வயசு, ரிட்டர்ன் போட்டதே இல்லை. இப்ப மாசம் இருபதாயிரம் சொச்சம் பேமிலி பென்ஷன். எஃப்டி (பேங்க் வைப்புத்தொகை) எல்லாம் அப்பா முதல் பேர், அம்மா இரண்டாவது. வட்டியில் டிடிஎஸ், அதாவது முன்கூட்டியே வரி, பிடிச்சிருக்காங்க. பேங்க்கில் அம்மாவுக்கு ஃபார்ம் 16 (வரி பிடித்த சான்று) கேட்டா கிடையாதுங்கிறாங்க. நான் இருக்கிறது ஓசூரில், ஒரே நடையில் முடிக்கப் பார்க்கிறேன்.

லெட்ஜர்:
தம்பி, ஆடிட்டர் ஆபீசில்தான் என் பிழைப்பு. பேங்க்காரங்க சொன்னது சரி. பேமிலி பென்ஷன் சம்பளத்தில் சேராது, இதர வருமானம். அதுக்கு டிடிஎஸ்ஸும் இல்லை, ஃபார்ம் 16-ம் இல்லை. பாஸ்புக்கை மார்ச் 31 வரை என்ட்ரி போட்டு எடுத்துட்டுப் போங்க. புது வரி முறையில் பேமிலி பென்ஷனில் மூணில் ஒரு பங்கு அல்லது 25,000, எது குறைவோ அது கழியும்.

ஆனா உங்களுக்கு ரிட்டர்ன் ரெண்டு. ஏப்ரல் 1 முதல் அப்பா தவறின நாள் வரைக்குமான பென்ஷனும் வட்டியும் அவர் பேனில் (வரிக் கணக்கு எண்), வாரிசா நின்னு போடணும். அதுக்கு வருமான வரி போர்ட்டலில் முதலில் வாரிசுன்னு பதியணும்: இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், ரெண்டு பேர் பேன் கார்டு. அப்ரூவல் வந்த பிறகுதான் மேல்வேலை. ஜூலை 31 கெடு, கடைசி வாரத்தில் போய் நிக்காதீங்க. அப்பா பென்ஷனுக்கு ஃபார்ம் 16 உண்டு, ஜூன் 15-க்கு மேல் பேங்க்கில் கேளுங்க.

சிக்கல் எஃப்டியில்தான். பேங்க்கில் இறப்பைத் தெரிவிச்சு பேரை மாத்துற வரைக்கும் டிடிஎஸ் அப்பா பேனில்தான் ஏறிக்கிட்டிருக்கும். வட்டி சர்டிபிகேட்டை அப்பா தவறின தேதியில் ரெண்டாப் பிரிச்சுத் தரச் சொல்லுங்க. முணுமுணுப்பாங்க, விடாதீங்க. பேனில் ஏறின வரி, வருமான விவரம் காட்டுற 26ஏஎஸ், ஏஐஎஸ் எல்லாம் ஆபீசிலேயே இறக்கிக்குவாங்க.

அம்மா ஆதாரில் எந்த மொபைல் நம்பர் இருக்குன்னு பார்த்தீங்களா? எங்க ஆபீசுக்கு வர்ற பல அம்மாக்களுக்கு வீட்டுக்காரர் நம்பர்தான். ஓடிபி அதுக்குப் போகும். ரிட்டர்ன் போட்டு 30 நாளுக்குள் வெரிஃபை பண்ணணும்.

ஸ்ரீரங்கம் மாமி:
சீனியர் சிட்டிசனுக்கு 80டிடிபி பிரிவில் 50,000 வரை வட்டியைக் கழிக்கலாமே, அதை விட்டுட்டேளே?

லெட்ஜர்:
அது பழைய முறையில் மட்டும் மாமி. புது முறையில் 4 லட்சம் வரை வரியே இல்லை, இவங்க அம்மா அதுக்குள்ள அடங்கிடுவாங்க. ரிட்டர்ன் போடுறதே வட்டியில் பிடிச்ச டிடிஎஸ்ஸைத் திரும்ப வாங்கத்தான்.

பொன்மலைப் பையன்:
ரொம்ப நன்றி அண்ணே. நீங்க சொன்ன மாதிரி அப்பா நம்பர்தான் இருக்கு. சிம்மை ரீசார்ஜ் பண்ணிட்டேன். இன்னொரு இடத்தில் ரீஃபண்டில் பத்து பர்சென்ட் ஃபீஸ் கேட்கிறாங்க. வழக்கம்தானா?

லெட்ஜர்:
அந்தப் படியே ஏறாதீங்க. இல்லாத கழிவெல்லாம் எழுதி ரீஃபண்டை ஏத்திக் காட்டுவாங்க, நோட்டீஸ் அம்மா பேருக்கு வரும். போர்ட்டலில் அந்த ஆபீஸ்காரங்க தங்க மொபைலும் மெயிலும் போட்டிருந்தா, வந்ததே உங்களுக்குத் தெரியாது. எங்கே கொடுத்தாலும் சரி, உங்க நம்பரைப் போடச் சொல்லுங்க. ரிட்டர்ன் வெரிஃபை ஆகுற வரைக்கும் அப்பா சிம்மை மட்டும் சரண்டர் பண்ணிடாதீங்க.